குறுக்கே வரும் அஞ்சாவது மாடி

இல்ல இன்ஜினியர் தம்பி, சண்டை போட வரல. நேத்து வந்து தாம்தூம்னு குதிச்சிட்டுப் போனாரே, அவரோட சம்சாரம் நான். உங்க வாட்ச்மேன் சட்டையைப் பிடிச்சுட்டாராமே? மன்னிச்சிடுங்க. வீட்டுக்கு வந்து செவுத்தைப் பார்க்கத் திரும்பிப் படுத்தவரு இன்னும் எந்திரிக்கல. அதான் நான் வந்தேன்.

இந்த சிமெண்ட் மூட்டை மேலேயே உக்காந்துக்கறேன். ஹெல்மெட்டா? குடுங்க, போட்டுக்கறேன்.

அந்தா, புது நீல டேங்குக்குப் பக்கத்துல ஒரு தட்டு தெரியுதா? அதான் எங்க வீடு. டிவி டிஷ்தான், ஆனா டிவிக்கு இல்ல. வேண்டாம்னு ஜனங்க கழட்டிப் போட்ட டிஷ்ஷையெல்லாம் இவரு தூக்கிட்டு வந்துடுவாரு. மாடியில துணி காயப்போட இடமிருக்காது. ஊர்ல இருக்கிற ஓட்டைத் தட்டெல்லாம் உங்களுக்கு சம்பந்தியான்னு கேப்பேன். காதுலயே வாங்க மாட்டாரு. முன்னால நீட்டிக்கிட்டு இருக்குமே ஒரு மூக்கு, அதைக் கழட்டிட்டு அங்க ஒரு சின்ன வைஃபை பெட்டியைக் கட்டுவாரு. அதே மாதிரி இன்னொரு தட்டு, தூரத்துல வேற ஒருத்தர் வீட்டு மேல. ரெண்டும் நேருக்கு நேர் பார்த்துக்கிட்டா போதுமாம். டவர் வேணாம், இன்டர்நெட் வேணாம், இங்க எழுதினது அங்க தெரியும். இவரை மாதிரி ஹாம் ரேடியோன்னு சொந்தமா ரேடியோ வச்சுப் பேசிக்கிற கிறுக்குங்க கொஞ்சம் பேரு, வீட்டுக்கு வீடு வலை பின்னி வச்சிருக்காங்க. புயல் வெள்ளத்துல போன் செத்துப் போனா உதவும்பாங்க.

என் பொண்ணுக்கும் அந்தக் கிறுக்கு உண்டு. அப்பனும் மகளும் ஒண்ணா உக்காந்து படிச்சு, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினாங்க. அவ எடுத்தவுடனே பாஸ், இவரு முதல் தடவ ஃபெயில். என்ன கிண்டல் பண்ணுவா தெரியுமா!

அவளை ஏரிக்கு அந்தப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கோம். அவ வீட்டு மேலயும் ஒரு தட்டு இருக்கு. நடுவுல தண்ணிதான், ஒரு இடைஞ்சல் கிடையாது. உங்க கட்டடம் வர்ற வரைக்கும்.

தெரியும் தம்பி, கட்டாதேன்னு சொல்ல நான் யாரு? நாலு மாடியோட நின்னா தப்பிச்சோம், அஞ்சாவது வந்தா மறைச்சிடும்னு இவரு சொல்றாரு. சும்மா உக்காந்திருக்கவும் இல்ல. குழாய் மேல குழாய் வச்சு உயரமா நிறுத்தினாரு. அடிச்ச காத்துல சாஞ்சு, டேங்க் உடைஞ்சு, கீழ் வீட்ல எல்லாம் தண்ணி. தட்டைப் பழைய இடத்துலயே கட்ட விட்டுட்டு, இனிமே மேல ஏறினா காலி பண்ணுங்கன்னுட்டாரு வீட்டு ஓனர். உங்க கட்டடத்து உச்சியில ஒரு ஓரமா ரெண்டு தட்டு வச்சுக்கலாமா, ஒண்ணு எங்களைப் பார்த்து, ஒண்ணு அவளைப் பார்த்து? முடியாதா? வேலை முடியாம வெளியாளை மேல விட மாட்டீங்க... சரி. எப்போ முடியும்? அடுத்த வருஷமா!

போன் பண்ணிப் பேசிக்க வேண்டியதுதானேன்னா கேக்கறீங்க? நேத்தும் அதைத்தானே கேட்டிருக்கீங்க. அதுக்குப் பதில் சொல்ல வாய் வராமத்தான் இவரு கையை நீட்டிட்டாரு.

அவ போன் மாப்ள கையில இருக்கு தம்பி. பேரன் பொறந்த கையோட வாங்கி வச்சுக்கிட்டாரு. நாங்க கூப்பிட்டா ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பக்கத்துலயே நிப்பாரு. நல்லாருக்கேம்மா-ம்பா. பெத்தவளுக்குத் தெரியாதா அந்தக் குரல்? ஒரு தடவ போய்க் கூட்டிட்டே வந்துட்டோம். புள்ளைய அனுப்பல. புள்ளைய விட்டுட்டு எத்தனை நாள் இருப்பா, தானே திரும்பிப் போயிட்டா. போலீஸ்ல போய் நின்னோம். புருஷன் பொண்டாட்டி விஷயம், பேசித் தீத்துக்குங்கன்னாங்க.

மாடியில இருக்கிறது செத்த டிவி தட்டுன்னுதான் மாப்ள நினைச்சிட்டிருக்காரு. பேரனைப் பார்க்கப் போனப்போ, காத்துல விழுந்துடப் போகுது மாப்ள, இறுக்கி விட்டுடறேன்னு ஏறி, இவரு பெட்டியைக் கட்டிட்டு வந்தாரு. பையன் பொம்மைப் படம் பார்க்கிற டேப்லெட்லதான் அவ எழுதுவா. அந்த வலையில ரகசியமா பூட்டுப் போட்டு எழுதக் கூடாதாம், சட்டமாம், மத்த ரேடியோக்காரங்களும் படிப்பாங்க. அதனால தினம் காலையில ஒரே ஒரு வார்த்தை. வெயில்னா ஒண்ணும் நடக்கலன்னு அர்த்தம். மேகம்னா வீட்ல சத்தம். உங்க பொண்ணு சொல்ற வானிலை ஒரு நாளும் பலிக்கலையேன்னு இவரோட சிநேகிதங்க சிரிப்பாங்க. இவரும் கூடச் சேர்ந்து சிரிச்சுட்டு வருவாரு.

முந்தாநேத்து மழைன்னு வந்துச்சு. அந்த வார்த்தை இதுவரைக்கும் வந்ததே இல்ல தம்பி. அதுக்கப்புறம் ஒண்ணுமே வரல.

போய்ப் பார்க்கலாம். அந்தப் பெட்டி கட்டறதுக்கு முன்னால ஒரு தடவ சொல்லாம போய் நின்னோம். நாங்க கிளம்பி வந்தப்புறம் அவளுக்குத்தான் அடி விழுந்துச்சு. போனாலும் தப்பு, போகலன்னாலும் தப்பு.

உங்களைக் கூப்பிடறாங்க போல. போங்க, கலவை இறுகிடும். தட்டு வைக்க வேணாம், மாடியும் கட்டிக்குங்க. முந்தாநேத்து மேல ஏரிப் பக்கமா வரிசையாத் தகரம் அடிச்சிருக்கீங்களே, அதை மட்டும் கொஞ்ச நேரம் கழட்டச் சொல்லுங்க. மறைக்கிறது உங்க தகரமா, இல்ல அவதான் எழுதலையா, அது தெரிஞ்சா போதும் எங்களுக்கு.