எட்டு என்பதை இரண்டு என்று எழுதியது

14.11.1969 வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு, காவல் நிலையத்துக்குத் தானாக வந்தவர் சொல்லப் பதிந்தது.

என் பெயர் அருள்நாதன், வயது 43, தகப்பனார் பெயர் சவரிமுத்து. பொம்மிடி ரயிலடிக்குத் தெற்கே குடியிருந்துகொண்டு, பக்கத்துத் தர்ம ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாகக் கம்பவுண்டர் வேலை பார்க்கிறேன். முதலில் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள் என்று கேட்டேன். வெளியூர் டிரங்க் கால் சொல்லியிருக்கிறது, லைன் வரும்வரை நடந்ததை வரிசையாகச் சொல் என்றார் ஏட்டையா.

எங்கள் மருந்துகளுக்கு எங்கள் நம்பர் உண்டு. நேற்று புது ஸ்டோரிலிருந்து வந்த ஜாடிகளில் அவர்கள் நம்பர் மட்டும் இருந்தது. எங்களிடம் ஐந்தாம் நம்பரான வயிற்றுவலி மருந்து அவர்களிடம் எட்டு. அவர்களுடைய இரண்டாம் நம்பரோ புண் கழுவுகிற பாதரசத் தண்ணீர், குடித்தால் விஷம். எங்கள் நம்பருக்கு அவர்கள் நம்பர் எது என்று அட்டை எழுத உட்கார்ந்தோம். எங்கள் ஸ்டோர்கீப்பர் முனிராஜ் ஜாடிகளோடு வந்த பட்டியலைப் படிக்க, நான் எழுதினேன். அவர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர், நம்பர் சொல்லும்போது தன்னையறியாமல் அது வந்துவிடும். எட்டுக்கு அவர் "எண்டு" என்றது என் காதில் "ரெண்டு" என்று விழுந்தது. 2 என்று எழுதினேன். திரும்பப் படித்துச் சரிபார்க்காதது என் குற்றம், அவருடையதல்ல.

இன்று காலை எட்டரை மணிக்குக் கோவிந்தன் மனைவி தீர்த்தம்மாள் வயிற்றுவலி என்று வந்தார். நர்சு ராஜமேரி அட்டையைப் பார்த்து இரண்டாம் ஜாடியை எடுத்துவிட்டு என்னிடம் வந்து, "அண்ணா, வவுத்துவலி மருந்து வெள்ளையா கெட்டியா இருக்குமுங்களே, இது தண்ணியாட்டம் இருக்குதுங்க" என்றாள். "அட்டையில இருக்கறத குடும்மா, நீ என்ன டாக்டரா" என்று அதட்டினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. தீர்த்தம்மாள் அங்கேயே நின்றபடி ஒரு அவுன்ஸ் குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு பன்னிரண்டு மணிக்குக் கோவிந்தன் அவரை ரத்த வாந்தியோடு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார். ராஜமேரி வீட்டுக்குப் போயிருந்தாள். ஜாடியையும் அட்டையையும் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. வேலை போய்விடும் என்று பயந்தேன். பிளேடால் 2-ஐச் சுரண்டி 8 ஆக்கினேன். தர்மபுரிக்குக் கொடுத்தனுப்பிய சீட்டிலும், குடித்தது எட்டாம் நம்பர், வீட்டில் வேறு எதையோ தின்றிருக்கலாம் என்று எழுதினேன். கோவிந்தன் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு என்னைக் கும்பிட்டார். "சீட்டு குடுத்துட்டீங்க, இனிமே பொழைச்சுக்குவாளுங்க" என்றார். மூன்றரை மணிவரை அறையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு இங்கே வந்தேன்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் நாலு ஐம்பதுக்கு லைன் கிடைத்தது. அந்தம்மாள் குடித்தது எட்டு அல்ல, பாதரசம் என்று நானே டாக்டரிடம் சொன்னேன். உயிர் இருக்கிறது என்றார். பிறகு, "பன்னெண்டு மணிக்கே ஏன் சொல்லலை?" என்று கேட்டார். போனை ஏட்டையாவிடம் கொடுத்தேன்.

யாரும் மிரட்டாமல் நானாகச் சொன்னது இவ்வளவும். ஏட்டையா படித்துக்காட்டக் கேட்டேன். அத்தனையும் நிஜம், அடித்தல் திருத்தல் இல்லை.

(ஒப்பம்) ச. அருள்நாதன்