இழை எண்ணுற நேரம்

இருங்க சார், கண்ணாடிய மாட்டிக்கினு பாக்கறேன். ஆமா, மெசேஜு வந்துருக்குது. ஆறு நம்பரு. சொல்றேன், சொல்றேன், போன வச்சிடாதீங்க.

அவரு இல்ல சார். திருஞானசம்பந்தம் போனுதான் இது, நான் அவரு வீட்டுக்காரி, வடிவாம்பாள். அவரு ஏமாந்த பணத்த கவர்மென்ட்டே திருப்பித் தருதுன்னு நீங்க சொன்னது நல்லா புரிஞ்சிது. நம்பர சொன்னா அக்கவுண்ட்ல ஏறிடும். சரிதான்.

தமிழ் நல்லா பேசறீங்களே, எந்தூரு பக்கம்? சரி, வாணாம், சொல்லாதீங்க. நாங்க காஞ்சிபுரத்துல பிள்ளையார்பாளையம். தெருப் பூரா தறிதான். அவரு ஏமாந்த அன்னிக்கி காலைல புதுப் பாவுல இழை எண்ணணும்னு தறி ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்கினாரு. எண்ணும்போது எங்க வீட்ல யாரும் அவருக்குப் பேச்சு குடுக்க மாட்டோம். ஒண்ணு தப்புனா திரும்ப முதல்லேர்ந்து எண்ணணும், எரிஞ்சி வுழுவாரு.

சொல்றேன்பா, அவசரப்படாத. டைம் முடிஞ்சா இன்னொன்னு அனுப்பு, நான் எங்க போவப் போறேன்?

உள்ளேர்ந்து நம்பரா சொல்ற சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சி. ஏழு, நாலு, பூஜ்யம்னு. வரிசையா இல்லியேன்னு ஒரு நிமிசம் தோணுச்சி. தோணி என்னா பண்றது, இழை எண்ணுறாருன்னு நெனச்சி டிவி சத்தத்தக்கூட கொறச்சி வச்சேன். சோறு ஆறிப் போச்சேன்னு கதவத் தொறந்தா, காலு வச்சி மிதிக்கற தறிக் குழியிலயே சாஞ்சிக்கினு இருக்காரு. போனு தறி மேல நிக்குது. போனுக்குள்ள ஒருத்தன் போலீசு சட்ட போட்டுக்கினு உக்காந்துக்கினு இருந்தான். என்னப் பாத்ததும் கட் பண்ணிட்டான்.

டிஜிட்டல் அரெஸ்ட்டாம், ஸ்டேசன்லதான் சொன்னாங்க. உம்பேர்ல போதமருந்து பார்சல் வந்துருக்குது, போன் முன்னாலேர்ந்து எழுந்திரிக்கக்கூடாது, யாருகிட்டயாவது சொன்னா பொண்டாட்டியையும் தூக்கி உள்ள வச்சிடுவோம்னு மெரட்டுவாங்களாம். நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் வெங்காயம் அரிஞ்சிக்கினு இருக்கேன், ஒரு குரல் குடுக்கல பாரு மனுசன். என்னக் காப்பாத்தறாராம்.

ஏமாந்தவங்க நம்பர வேற கூட்டத்துக்கு வித்துடுவாங்களாமே? பணத்த மீட்டுத் தரேன்னு மறுபடியும் போன் வரும், இந்த நம்பரத் தூக்கிப் போடும்மான்னு எம்பொண்ணு சங்கீதா தெனம் சண்ட போடறா. நான் போடல. சார்ஜ் போட்டு, ரீசார்ஜ் பண்ணி, குளிக்கப் போனாக்கூட கையோட எடுத்துக்கினு போறேன். நீங்க கூப்புடுவீங்கன்னுதான்.

அய்யோ, வச்சிடாதப்பா! போலீசெல்லாம் யாரும் இங்க இல்ல. நான் ஒருத்திதான். திட்ட மாட்டேன், சத்தியமா திட்ட மாட்டேன். இதோ, ஆறு நம்பரும் சொல்லிடறேன், இருக்கறத எடுத்துக்கோ.

அவரு உசுரு போவும்போது கூட இருந்தது உங்க ஆளு ஒருத்தன்தான். அது நீ இல்லன்னா, யாருன்னு கேட்டு சொல்லு. கடைசியா என்னா சொன்னாரு? தண்ணி கேட்டாரா? என்னக் கூப்ட்டாரா?