வடக்குச் சுவர்

ஜன்னலை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று தெரிந்தவனுக்கு வீட்டைச் சுகமாக வைத்திருப்பது பெரிய வித்தை இல்லை. ஜூலையில் காலை எட்டு மணிக்குள் எல்லாவற்றையும் சாத்தித் திரையை இழுத்துவிட வேண்டும். வெயில் தாழ்ந்தபின் திறக்கலாம். ஜனவரியில் திறக்கவே கூடாது. இந்தக் கனடாக் குளிரில் மானிடோபா முழுக்க ஆட்கள் பணத்தைக் கொட்டி வானத்தைச் சூடாக்குகிறார்கள். என் வீட்டுக்கு இரண்டு இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம் போதும். பதினாறு அங்குலச் சுவர். நானே கட்டியது.

என் மனைவி டீனாவின் தம்பி லோர்ன், தன் வீட்டு ஹீட்டர் பழுதானதும் டிசம்பரில் வந்தான். போகவில்லை. மைனஸ் முப்பதில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குவான்.

"என்ன மச்சான், இது வீடா ஃபிளாஸ்க்கா? எங்களை ஊத்தி மூடி வெச்சிருக்கீங்க."

டீனா சிரிப்பாள். நான் பொருட்படுத்தவில்லை. மாட்டிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பிறகு, வடக்குச் சுவரை உடைத்து விறகுக் கணப்படுப்பு வைக்கப்போவதாகச் சொன்னான்.

"சுவத்துல ஓட்டை போட்டா வீடு செத்துடும்" என்றேன்.

"இப்ப மட்டும் என்ன, எழவு வீடு மாதிரிதானே மச்சான் இருக்கு."

"ஒரு அடுப்புதானே ஜேக், விடேன். நெருப்பப் பாத்து எத்தனை வருஷமாச்சு" என்றாள் டீனா. சுவரில் பென்சிலால் கோடு போட்டதும் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, சுவரை அறுக்க ரம்பம் வாடகைக்கு எடுத்துவர லோர்ன் கிளம்பினான். இங்கே எல்லோரும் செய்வதுபோல, கராஜ் கதவைத் திறந்துவைத்துப் பழைய டிரக்கின் என்ஜினைச் சூடேற ஓடவிட்டான். எல்லோரும் செய்யாததாக, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து தூங்கிப்போனான். டீனா தேவாலயத்தில் தையல் கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

திறந்த கதவு வழியே பனி உள்ளே விழுந்துகொண்டிருந்தது. சமையலறையிலிருந்தபடியே பொத்தானை அழுத்திக் கதவை இறக்கினேன். ஜனவரியில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். வண்டியை ஓடவிட்டது நான் இல்லை. கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவையும் தாழிட்டேன். புகை உள்ளே வரக் கூடாதல்லவா.

அந்த உள்கதவைச் சுற்றி மூன்று வரிசை ரப்பர் பட்டை இருக்கிறது. அவன் தட்டியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது என்று உங்கள் கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டிருக்கிறார். திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். காதை வைத்தால் கேட்கும். ஏழு முறை தட்டினான்.