இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுத்தது குறித்து

என் பெயர் தனபாக்கியம், வயது 54, கணவர் பெயர் நெடுஞ்செழியன். டெக்சாஸ் மாநிலம், ரவுண்ட் ராக், பெக்கன் ஹாலோ தெரு, 2214ஆம் எண் வீட்டில் பதினாறு வருடங்களாகக் குடியிருந்து வருகிறேன். சொந்த ஊர் கோபிச்செட்டிப்பாளையம். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்களும் கிரௌன் என்னும் பல் உறைகளும் செய்து கொடுக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனாலும் சத்தியம் செய்து சொல்வதைத் தமிழில் சொல்ல விரும்பியதால், மொழிபெயர்ப்பாளர் பிரீத்தி முன்னிலையில் 2026 ஜனவரி 22 அன்று காலை ஷெரிஃப் அலுவலகத்தில் இதைச் சொல்கிறேன். 17ஆம் தேதி ரோந்துக் காரின் முன்பக்க பம்பர் கழன்றது சம்பந்தமாக என்னை விசாரித்தார்கள்.

சம்பவத்தில் பயன்பட்ட சிவப்பு நிற, 1970ஆம் வருடத்து செவல் என்ற மாடல் கார் என் கணவர் பெயரில் உள்ளது. சென்ற மார்ச்சில் அவர் கம்பெனியில் ஆட்குறைப்பு செய்தபோது அவருக்கும் வேலை போனது. அதன் பிறகு அவர் பகல் முழுவதும் கராஜிலேயே இருந்தார். அந்தக் காரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வலது பின்சக்கரம் மட்டும் சுழன்று புகையும், இடது சக்கரம் சும்மா நிற்கும். இரண்டையும் சேர்ந்து இழுக்க வைக்கும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்ற அமைப்பு பின் அச்சின் நடுவில் இருக்கிறது. அதனுள் உள்ள உராய்வுத் தட்டுகள் ஐம்பது வருடத்தில் தேய்ந்து போயிருந்தன. அவர் தட்டுகளையும் பேரிங்குகளையும் மாற்றி மூன்று முறை பூட்டினார், மூன்று முறையும் ஓட்டும்போது ஊளையிடுவதுபோல் சத்தம் வந்தது. அதன் பிறகு 'விற்பனைக்கு' என்று ஓர் அட்டையில் எழுதிக் காரின் கண்ணாடியில் ஒட்டினார். அன்று அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனார். திருமணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அப்படி வைத்ததில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி மூட்டை எடுக்க கராஜுக்குப் போனேன். பின் அச்சு திறந்து கிடந்தது. பற்சக்கரங்கள் எங்கே தொடுகின்றன என்று பார்ப்பதற்காகப் பற்களின் மேல் மஞ்சள் பசை தடவியிருந்தார். பசை நுனியில் மட்டும் அழிந்திருந்தது. நாங்கள் ஆய்வகத்தில் கடி சரியா என்று நீலத் தாள் வைத்துப் பார்ப்பதும் இதே மாதிரிதான்.

"ஏனுங்க, கடி நுனியில நிக்குதுங்க. நடுவுல படோணும்," என்றேன்.

"இந்தப் பெரிய சக்கரத்துக்குப் பேரே கிரௌன்தான் பாக்கியம்," என்றார்.

"அதத்தான நான் இருவது வருசமா பண்ணிட்டிருக்கேன்."

அவர் தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

அதன் பிறகு ஐந்து ஞாயிறு வேலை செய்தோம். கனமானதை அவர் தூக்கினார், அளப்பதை நான் அளந்தேன். சிறிய பற்சக்கரத்தின் பின்னால் இருந்த மெல்லிய வளையத்தை எடுத்துவிட்டு, தாள் கனம் அதிகமான வேறொரு வளையத்தைப் போட்டுப் பார்த்தேன், போதவில்லை, அதன் பிறகு இன்னொன்று போட்டேன். ஐந்தாவது ஞாயிறு மஞ்சள் பசை பல்லின் நடுவில் அழிந்தது. அவர் டார்ச் அடித்து நான்கு முறை பார்த்தார். மறுநாள் ஓட்டியபோது ஊளை இல்லை. வீடு வரும்வரை இருவரும் ரேடியோ போடவில்லை, சத்தம் இல்லாததைக் கேட்டுக்கொண்டே வந்தோம். அட்டையை அவரே கிழித்தார்.

ஜனவரி 17 அன்று டெய்லர் ஊருக்கு அருகே வாடகைக்கு எடுத்த மைதானத்தில் பொங்கல் விழா நடந்தது. முந்தைய இரண்டு நாளும் மழை. வாசலில் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்ட துணை ஷெரிஃப் கார்சாவுக்குக் காலை 11.40 மணிக்கு வயர்லெஸில் அழைப்பு வந்தது. ஒரு பிக்கப் வண்டி ஓடையில் கவிழ்ந்து உள்ளே ஆட்கள் மாட்டியிருப்பதாகச் சொன்னார்கள். அவர் வேகமாக எடுத்ததில் ரோந்துக் கார் புல்லில் புதைந்தது. அடுத்த ரோந்துக் கார் வர இருபது நிமிடம் ஆகும் என்று அவர் சொன்னார். வேட்டி கட்டிய ஒன்பது பேர் தள்ளினார்கள், மூன்று பேர் விழுந்தார்கள்.

அதன் பிறகு நான் செவலை ரோந்துக் காருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். என் இடது சக்கரம் ஜல்லியிலும் வலது சக்கரம் சேற்றிலும் நின்றன. என் கணவர் கயிறு கட்டினார். நான் மெதுவாக மிதித்தேன். ஒரு சக்கரம் மட்டும் சுழலும் பழைய காராக இருந்தால் சேற்றை வாரி இறைத்துவிட்டு அங்கேயே நின்றிருக்கும். அன்று இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுத்தன, சீட்டுக்கு அடியில் அதை என்னால் உணர முடிந்தது. ரோந்துக் கார் ஜல்லிக்கு ஏறியது, பம்பர் கயிற்றோடு வந்துவிட்டது. துணை ஷெரிஃப் பம்பர் இல்லாமலே புறப்பட்டுப் போனார். அப்போது நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று அவர் எழுதியிருப்பது சரியே.

ஓடையிலிருந்து இரண்டு பேரை உயிரோடு மீட்டதாக மதியம் அவரே போன் செய்து சொன்னார். மைக்கில் அறிவித்தபோது என் கணவர் அழுதார். சேறு கண்ணில் பட்டதாகப் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்.

முதல் அறிக்கையில் காரைப் பழுது பார்த்தவர், ஓட்டியவர் என்ற இரண்டு இடத்திலும் என் கணவர் பெயர் இருக்கிறது. கார் அவர் பெயரில் இருப்பதால் அப்படி எழுதியிருக்கலாம், ஆனால் அது தவறு. திருத்தம் கேட்டு வந்தவர் அவர்தான். நேற்று இதே அறையில் என் முன்னால் அவர் அதிகாரியிடம் சொன்னது: "கயிறு கட்டினது மட்டுந்தாங்க நான். பம்பர் பிஞ்சதும் அதனாலதான்னு எழுதிக்குங்க. மத்ததெல்லாம் இவ."

நான் சொன்னது இவ்வளவே. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டாமல் குறைக்காமல் இருக்கிறது, முழுவதும் உண்மை.

ஒப்பம்
நெ. தனபாக்கியம்