தொப்பி விளிம்பில் இரண்டு விரல்

என் முழங்கால்கள் இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. நாற்பத்தெட்டு வயதில் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிறேன். தொழில்முறைக் கால்பந்து அணியில் பதினோரு வருடம் இருந்த ஒருவன் இப்படிச் சொல்வதை நீங்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இடுப்பில் உலோகம் இருக்கிறது. எனக்குப் பல் டாக்டரைத் தவிர வேறு டாக்டரே கிடையாது.

நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதித் தரச் சொன்னீர்கள், மிஸ் ஹால்வர்சன். நீங்கள் டானா ரென்ஃப்ரோவின் வக்கீல். அவள் கணவன் கோல்பி நாற்பத்தாறு வயதில் புத்தி கலங்கி வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். தலையில் அடிபட்டவனைச் சரியாகச் சோதிக்காமல் மறுபடி மறுபடி மைதானத்துக்கு அனுப்பினார்கள் என்று எங்கள் டொலீடோ அணியின் மேல் வழக்கு. அணியின் சிகிச்சையாளர் மார்வ் கெல்சோ அஜாக்கிரதையாக இருந்தார் என்று மனுவில் எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. மார்வ் ஒவ்வொரு முறையும் சோதித்தார். கோல்பி ஒவ்வொரு முறையும் தேறினான். எப்படித் தேறினான் என்பதைத்தான் நான் சொல்லப்போகிறேன்.

கோல்பி எங்கள் குவாட்டர்பேக். பேருக்குத்தான் இது கால்பந்து. காலுக்கு அதில் வேலை குறைவு. பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்கு வரும். அதை யாருக்கு எறிவது என்று அவன் மூன்று நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். அந்த மூன்று நொடியில் நூற்று முப்பது கிலோ ஆட்கள் நாலு பேர் அவனைத் தரையில் சாய்க்க ஓடி வருவார்கள். கோல்பி அவர்களைப் பார்க்கவே மாட்டான். ஒக்லஹோமாவில் பன்றிப் பண்ணையில் வளர்ந்தவன், தன்னைவிடப் பெரிய பிராணி ஓடி வருவதெல்லாம் அவனுக்குப் பழகிய விஷயம் என்பான். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் கழிப்பறையில் வாந்தி எடுப்பான். வாயைத் துடைத்துக்கொண்டு, "காலை டிபன் வேஸ்ட்டாப் போச்சுடா பெட்ரோ" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போவான்.

பெட்ரோ என்பது நான். நீல் பெட்ரோஸ்கி, மாற்று குவாட்டர்பேக். கோல்பிக்கு ஏதாவது ஆனால் இறங்க வேண்டியவன். எதுவும் ஆகாத வரை என் வேலை ஓரத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பதும், அடுத்த ஆட்டத் திட்டத்தைக் கையால் காட்டுவதும்தான். அவன் தலைக்கவசத்துக்குள் ரேடியோ உண்டு. ஆனால் அறுபதாயிரம் பேர் கத்தும்போது அதில் ஒன்றும் காதில் விழாது. அதனால் நான் முழங்கையைத் தேய்த்தால் ஒன்று, காதைத் தொட்டால் இன்னொன்று, தொப்பி விளிம்பில் இரண்டு விரல் வைத்தால் வேறொன்று. எங்கள் இருவருக்கும் இது இரண்டாவது தாய்மொழி ஆகிவிட்டது. ஹோட்டலில் சாப்பிடும்போதுகூட அப்படித்தான் பேசிக்கொள்வோம். டானா எரிச்சலாகி, "இங்க வாய் இருக்கிற ஒருத்தி உக்காந்திருக்கேன்" என்பாள்.

தலையில் அடிபட்டால் அந்தக் காலத்தில் மறைவாகச் சோதிக்கக் கூடாரமெல்லாம் கிடையாது. ஆட்டக்காரனை ஓரத்து பெஞ்சில் உட்காரவைத்து, மார்வ் எதிரே குந்தி உட்கார்ந்து ஐந்து கேள்வி கேட்பார். இப்போது எந்த ஊர் மைதானத்தில் இருக்கிறோம்? ஆட்டத்தின் நாலு கால்பகுதியில் இது எத்தனாவது? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன வாரம் யாரோடு ஆடினோம்? அதில் ஜெயித்தோமா? ஐந்துக்கும் சரியாகச் சொன்னால் போகலாம்.

முதல்முறை அது தற்செயலாக நடந்தது. எங்கள் நான்காவது சீசன். கோல்பி பின்மண்டை தரையில் மோத விழுந்து எழுந்து வந்தான். மார்வ் கேள்வி கேட்டபோது அவருக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். "எத்தனாவது குவாட்டர், கோல்பி?" என்றார். கோல்பியின் கண் அவரைத் தாண்டி என்னிடம் வந்தது. பழக்கதோஷம், அவனுக்கு எதுவானாலும் என் கையைப் பார்த்துத்தானே பழக்கம். நான் மூன்று விரலை மார்பில் வைத்தேன். "மூணு" என்றான். கடைசியாகப் புள்ளி எடுத்தது யார் என்றபோது தொப்பி விளிம்பைத் தொட்டேன். அது எதிரணி. போன வாரம் பஃபலோ ஊர் அணி; பேரே எருமை. தலைக்கு மேல் இரண்டு விரலைக் கொம்பு மாதிரி வைத்துச் சொறிந்துகொண்டேன். மார்வ் அவன் முதுகில் தட்டி அனுப்பிவைத்தார்.

ஆட்டம் முடிந்து குளியலறையில் கோல்பி என்னிடம் வந்தான். "இன்னைக்கு நாம ஜெயிச்சோமாடா?" என்று மெதுவாகக் கேட்டான். ஜெயித்தோம் என்றேன். "நீ இல்லன்னா என்னை உக்கார வச்சிருப்பாங்க. தேங்க்ஸ்டா" என்று கட்டிப்பிடித்தான். அவன் கண்ணில் தண்ணீர். ஆட வேண்டும் என்பதுதான் அவன் விருப்பமும். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு எட்டு முறை. மொத்தம் ஒன்பது. தேதி, எதிரணி, அடி விழுந்த விதம் எல்லாவற்றையும் பின்னிணைப்பாக வைத்திருக்கிறேன். என் ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது.

நீங்கள் கேட்பதற்கு முன்பே அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். மாற்று ஆட்டக்காரன் என்றால் முதல் ஆள் எப்போது விழுவான், தன் முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பவன்தானே. வழியை மறித்துக்கொண்டிருக்கும் ஆளை ஒன்பது முறை தூக்கி நிறுத்த எனக்கென்ன தலையெழுத்து? கை ஜாடை விஷயம் தெரியாத பத்திரிகைக்காரர்கள்கூட, முதல் ஆளை ஏன் இவ்வளவு தாங்குகிறாய் என்று கேட்டார்கள். என்னை மாதிரி தன்னலமில்லாத ஆளைப் பார்த்ததில்லை என்று ஒருவர் எழுதினார். டானா அதைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள்.

மூன்றாவது சீசனில் கோல்பிக்குக் கணுக்கால் பிசகி ஒரே ஒரு ஆட்டம் நான் இறங்கினேன். அக்டோபர், நல்ல மழை. முதல் முறை பந்துக்காகக் குனிந்து நின்றபோது எதிரே பதினொரு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை. கால்சட்டைக்குள் சூடாக ஏதோ இறங்கியது. மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை. நான்கு முறை பந்தை எதிரணிக்காரன் கையிலேயே எறிந்தேன். யாரும் என்னைப் பெரிதாக அடிக்கவில்லை; அடிப்பதற்கு முன்பே நான் படுத்துவிட்டேன். என் அப்பா மூன்றாவது கால்பகுதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் கோல்பி திரும்பி வந்தபோது நான் ஓய்வறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்.

எனக்கு அந்த ஓரம் பிடித்திருந்தது. சீருடை இருந்தது, பெயர் இருந்தது, கடைக்குப் போனால் பிள்ளைகள் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே இறங்கத் தேவையில்லாத வரை உலகத்தில் அதைவிட நல்ல வேலை கிடையாது. அது நடக்க வேண்டுமானால் கோல்பி எழுந்து நிற்க வேண்டும். அவன் ஒவ்வொரு முறை கீழே விழும்போதும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நானும் பிடித்துக்கொள்வேன். என் அளவுக்கு அவன் எழுந்திருக்க வேண்டும் என்று அந்த மைதானத்தில் யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள்.

ஏழாவது சீசனில் கேள்விகளோடு ஐந்து வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். வார்த்தைகளைக் கையால் காட்ட முடியாது. ஆனால் மார்வ் ஒரே அட்டையைத்தான் வைத்திருந்தார். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. நான் அதைப் படித்து வந்து, ஜூலை மாதம் கோல்பியின் தோட்டத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருக்கும்போது அவனுக்கு உருப்போடவைத்தேன். ஏணி, வெண்ணெய், ரயில், கையுறை, மழை. அவனுடைய மகள் டெஸ்ஸுக்கு அப்போது ஐந்து வயது. அவள் அதைப் பாட்டாகப் பாடிக்கொண்டே தண்ணீர்க் குழாயைத் தாண்டித் தாண்டிக் குதித்தாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

கடைசி முறையைப் பற்றிச் சொல்கிறேன். பதினோராவது சீசன், டிசம்பர். நான்காவது கால்பகுதியில் ஆறு நிமிடம் மிச்சம், நாங்கள் நான்கு புள்ளி பின்னால். கோல்பியை இரண்டு பக்கமும் நெருக்கி அடித்தார்கள். இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மார்வ் எதிரே குந்தினார். நான் வழக்கம்போல் அவருக்குப் பின்னால் நின்று மார்பில் நான்கு விரலை வைத்தேன்.

கோல்பி என் கையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அத்தனை வருடத்தில் அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல்முறை.

"பெட்ரோ, என்னால முடியலடா. இன்னைக்கு நீ போறியா?" என்றான்.

மார்வ் திரும்பி என்னைப் பார்த்தார். "என்ன சொல்றான்?"

எனக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. உண்மையில் இரண்டு நொடிதான் இருக்கும். அது போதுமான நேரம். மைதானத்தில் அந்தப் பதினொரு பேர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்கள். என் உள்ளங்கை நனைந்துவிட்டது. நான் சிரித்தேன்.

"என்னைக் கிண்டல் பண்றான், மார்வ். நான் பயந்து சாகிறதைப் பாக்கணுமாம். எப்பவும் இப்படித்தான்."

மார்வ் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து கோல்பியும் சிரித்தான். என்ன வேடிக்கை என்று அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. "உனக்கு ஒண்ணும் இல்லடா. நல்லாத்தான் இருக்க. போ" என்றேன். பிறகு ஐந்து கேள்விக்கும் அவன் என் கையைப் பார்த்துப் பதில் சொன்னான். வார்த்தைகளை மார்வ் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவன் ஒப்பித்துவிட்டான். அதில் மார்வுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் அவருக்கும் ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. நல்ல மனிதர். இப்போது எந்தக் கல்லூரி அணியும் அவருக்கு வேலை தருவதில்லை என்று கேள்வி. அது எனக்கு உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

கோல்பி நாற்பது கெஜம் எறிந்தான். அவன் எறிந்ததிலேயே அழகான எறி. பந்து கையை விட்டுப் போன அதே நொடியில் தாடையில் அடி விழுந்தது. பந்து போய்ச் சேர்ந்து நாங்கள் முன்னிலைக்கு வந்ததை அவன் பார்க்கவில்லை. அவன் இரண்டு கையும் விறைத்து வானத்தைப் பார்த்து நின்றன. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போதுகூடக் கை மடங்கவில்லை.

அடுத்து எதிரணி ஐந்து நிமிடம் பந்தை வைத்திருந்து கடைசியில் இழந்தது. மிச்சம் நாற்பது நொடி. வேறு வழியில்லாமல் நான் இறங்கினேன். முன்னிலையில் இருக்கும் அணி அந்த நேரத்தில் செய்ய வேண்டியதெல்லாம் பந்தை வாங்கி ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுவதுதான். நேரம் ஓடிவிடும். யாரும் அடிக்க மாட்டார்கள். இரண்டு முறை ஊன்றினேன். எல்லோரும் என்னைத் தூக்கிக்கொண்டாடினார்கள். அந்த வசந்தத்தில் நான் ஓய்வு பெற்றேன்.

இதில் குற்றம் என்று எதைச் சொல்வீர்கள்? நான் விசாரித்துவிட்டேன். மைதான ஓரத்தில் ஒருவன் தன் தொப்பியைத் தொடுவதைத் தடுக்கும் சட்டம் எங்கள் ஒஹையோ மாநிலத்தில் இல்லை.

பத்து வருடமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவன் வீட்டுக்குப் போகிறேன். முன்பு டஜன் கணக்கில் வந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவனோடு உட்காருவது லேசில்லை. டெஸ் கல்லூரியிலிருந்து வந்தால், "யாரு இந்தப் பொண்ணு, நல்லா இருக்காளே" என்பான். அவள் மாடிக்குப் போய்விடுவாள். போன பிப்ரவரியில் டானாவின் கழுத்தைப் பிடித்துவிட்டான். யாரோ வீட்டுக்குள் புகுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டானாம். நான் இருக்கும் இரண்டு மணி நேரத்தில்தான் அவள் குளிக்கிறாள், கொஞ்சம் தூங்குகிறாள். "நீ மட்டும்தான் நீல் இன்னும் வர்ற. நீ வரலன்னா நான் என்ன ஆவேன்னே தெரியல" என்று சொல்லுவாள்.

அவள் உள்ளே போனதும் நான் கோல்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "அன்னைக்குக் கடைசி ஆட்டத்துல பெஞ்சுல உக்காந்து என்கிட்ட என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?" அவன், "என்னைக்கு?" என்பான். அதற்குப் பிறகு நான் நிம்மதியாகக் காபி குடிப்பேன். பத்து வருடத்தில் அந்தப் பதில் மாறவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மாறியது. அவன் வெகுநேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். "பெட்ரோ, என்னால முடியலடா" என்றான். "இன்னைக்கு நீ போறியா?"

குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டானா காதில் விழுந்திருக்காது. நான் அவன் பக்கம் குனிந்து, "உனக்கு ஒண்ணும் இல்லடா. நல்லாத்தான் இருக்க. போ" என்றேன்.

அவன் நம்பினான். என் பேச்சை அவன் நம்பாமல் இருந்ததே இல்லை. எழுந்து தலைக்கவசத்தைத் தேட ஆரம்பித்தான். சோபாவுக்கு அடியில் பார்த்தான், அலமாரியில் பார்த்தான், பின்கதவைத் திறந்துகொண்டு பனியில் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்கினான். டானா தலையைத் துவட்டிக்கொண்டே ஓடி வந்து, "என்ன ஆச்சு? என்ன தேடுறான்?" என்றாள். தெரியவில்லை என்றேன். அவள் அவனை உள்ளே இழுத்துவந்து காலைத் துடைத்துவிட்டாள். நான் அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

இதை அவள் படிப்பாள் என்று எனக்குத் தெரியும். கோபம் வரும். ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம் என்னை வர வேண்டாம் என்பாள். அதற்குப் பிறகு அவளே கூப்பிடுவாள், மிஸ் ஹால்வர்சன். பாவம், அவனுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?