கலங்கிய கசிவு

காலையில் மாத்தே இலைத் தேநீர் குடிக்காமல் எனக்கு வாய் திறக்காது. கேட்காமலே சுடுநீர் வைத்துக் கொடுத்தீர்கள், நன்றி ஐயா.

எல் சௌசே அணையின் மதகுகளை இருபத்திரண்டு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மலையில் பனி உருகி வரும் தண்ணீர், அடிவாரத்தில் நானூறு குடும்பங்களின் பீச் தோட்டங்களுக்கு என் கைவழியாகத்தான் போகிறது. எவரிஸ்தோ என்று யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. தண்ணிக்காரர் என்பார்கள்.

ருஃபீனோ கசிவு அளப்பவன். வியாழக்கிழமைதோறும் அணையின் அடியில், மதகு வாய்க்கு நேர் எதிரே இருக்கும் தொட்டியில் இறங்கி, கரையிலிருந்து ஊறும் நீரை அளப்பான். அவன் மகள் டெல்ஃபினாவுக்கு நான்தான் ஞானத்தகப்பன். நல்ல மனிதன். கொஞ்சம் பிடிவாதம்.

எங்கள் பக்கம் கோடை பிறக்கும் டிசம்பர் தொடக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, கசிவுநீர் பிடித்த கண்ணாடிப் புட்டியோடு என் அறைக்கு வந்தான்.

"கசிவு கலங்கி வருதுண்ணே. கரையை உள்ளேயிருந்து அரிக்குது. திங்கக்கிழமை நகரத்துக்குப் போய் அதிகாரிங்ககிட்ட சொல்லிடப்போறேன்."

"சொன்னா அணையைக் காலி பண்ணிடுவாங்கப்பா. காய்க்கு இப்பதான் தண்ணி வேணும். மரம் பட்டுப்போகும்."

"மரம் போனா வேற நட்டுக்கலாம். ஊரு போனா?"

வியாழக்கிழமை இன்னொரு புட்டி பிடித்து, இரண்டையும் எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னான். அறுவடை வரைக்கும் பொறு என்று நானும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். சிரித்தான்.

மதகைத் திறக்குமுன் மூன்று முறை எச்சரிக்கைச் சங்கு ஊதிக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதுதான் விதி. வியாழன் காலை பத்து மணிக்கு அவன் தொட்டியில் இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கல்மேல் வைத்தான். நான் சங்கு ஊதவில்லை. பாதி திறந்தால் போதுமா என்று யோசித்தேன். பாதித் தண்ணீரில் மனிதன் நெடுநேரம் தவிப்பான். முழுவதும் திறந்துவிட்டேன்.

மலையிலிருந்து வெப்பக்காற்று இறங்கிய நாள் அது. காற்றிரைச்சலில் சங்கு அவன் காதில் விழுந்திருக்காது என்று ஊர் தானாகவே முடிவுக்கு வந்தது. சவப்பெட்டியின் ஒரு முனையை நான் தூக்கினேன். கல்லறைத் தோட்டத்தில் டெல்ஃபினா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சங்கு ஊதினீங்கதானே, ஞானப்பா?"

"ஊதினேம்மா."

அந்த ஒரு சொல்தான் என்னைத் தூங்கவிடுவதில்லை. மதகைத் திறந்ததுகூட அல்ல, அந்தச் சொல். அவள் அதை நம்பினாள்.

அவன் வேலையையும் நானே பார்க்கிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். அதன்பின் வந்த ஐந்து வியாழன்களும் கசிவுக் குறிப்பேட்டில் 'தெளிவு' என்று எழுதியது நான்தான். அவன் பிடித்த முதல் புட்டியை வீட்டு அலமாரியில் கண்டெடுத்து, நேற்று டெல்ஃபினா இந்தக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் கொண்டுவந்தாளாம். கெட்டிக்காரி.

எனக்கும் தோட்டம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, இரண்டு ஹெக்டேர். அது வேறு விஷயம். நான் நினைத்தது அந்த நானூறு குடும்பங்களைத்தான்.

எழுதிக்கொள்ளுங்கள்: ருஃபீனோவைக் கொன்றது நான். இன்னொன்றையும் எழுதுங்கள். போன வாரத்திலிருந்து கசிவோடு கரையின் மணலும் வருகிறது. அறுவடை முடியப் பத்தே நாள்தான் பாக்கி. பதினோராம் நாள் நானே வந்து சொல்லலாம் என்றிருந்தேன்.