இழுபட்டு வரும் கார்

“இழுபட்டு வாற காருக்கும் சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைக்க வேணுமோ?”

பியர்பொன்ட்ஸிலிருந்து மெட்ரோவுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெண் தன் கணவரிடம் கேட்டார். கணவர் கைப்பேசியில் கார்ப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.

“புதுக் காரெண்டால் வைக்கத்தானே வேணும். கோயிலுக்குப் பேந்து கொண்டுபோவம். முதல்ல இதைப் பாரும். சின்னக் கார், பாரமில்லை. மோட்டர்ஹோமுக்குப் பின்னால கொழுவிவிட்டால் நாலு சில்லிலயும் தானா உருண்டு வரும்.”

“கியர் காரோ?”

“ஓம். கனக்க ஓட்டோமெட்டிக் காருகளை இப்பிடி இழுத்தால் கியர்பெட்டி பழுதாப்போம்.”

“எனக்குக் கியர் கார் ஓடத் தெரியாது.”

“நான் ஓடுவன் தானே.”

“பெரிசையும் நீங்கள் ஓடுவியள், சின்னனையும் நீங்கள் ஓடுவியள். வீட்டை வித்துப்போட்டு அந்த மோட்டர்ஹோமுக்குள்ளயே இருக்கப் போறம். எங்கையாவது காட்டுப் பக்கத்தில உங்களுக்குத் திரும்ப நெஞ்சு நொந்தால்?”

“அப்பிடி ஒண்டும் வராது.”

“போன மாரிக்கு ஆஸ்பத்திரிக்கு ஆர் ஓடிக்கொண்டு போனது?”

கால் ஆடுவது நின்றது. நான் இறங்கவேண்டிய தரிப்பு வந்தது. நான் எழும்பவில்லை.

கணவர் மறுபடி படங்களைத் தள்ளத் தொடங்கினார், முன்னைவிட வேகமாக.

“நான் ஓடக்கூடிய காராப் பாருங்கோ,” என்றார் அந்தப் பெண். “தேசிக்காயில காரை ஏத்தி நசிக்கிறது நான்தான்.”